மிதவையில் ஒரு சொட்டை

மிதவை விமானங்கள் வந்து நிற்கும் ஏரித்துறையில் அவருக்கு வேலை. மிதவைகளைத் துடைக்க வேண்டும், உள்ளே கசிந்த தண்ணீரைக் கைப்பம்பால் இறைக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் அதே விமானங்களை மரத்திலும் தகரத்திலும் அச்சு அசலாகச் செய்வார்.

"ஒரு ஆணி குறைஞ்சா இவருக்குச் சோறு இறங்காது" என்பாள் மனைவி.

மூத்த விமானி ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பரிசளிக்க, அவருடைய மஞ்சள் விமானத்தின் மாதிரியைச் செய்து தரச் சொல்லியிருந்தார்கள். இடது மிதவையைத் தவிர எல்லாம் முடிந்துவிட்டது. நிஜ மிதவையில் அந்தப் பக்கம், நீர் மட்டத்துக்குக் கீழே, நசுங்கி ஒரு சொட்டை விழுந்திருந்தது. அதே துறையில் படகு ஓட்டிய மச்சினனின் படகு இடித்ததாகச் சொல்லி, மேலாளர் அவனைப் படகு வேலையிலிருந்து இறக்கி மூட்டை தூக்க விட்டார். உண்மையில் இடித்தது, விமானம் கரையேறி நின்றபோது இவர் தள்ளிப்போன பீப்பாய் வண்டி. அன்று இவர் வாயே திறக்கவில்லை.

சொட்டை இல்லாவிட்டால் அது அந்த விமானமே அல்ல. செதுக்கினார். பட்டி வைத்து மூடினார். மறுபடியும் சுரண்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த மச்சினன் மேசையை எட்டிப் பார்த்தான்.

"என்ன மாமா, உங்க தலைல இருக்கிற சொட்டைய இதுக்கும் வச்சுட்டீங்களா?"

அவனுடைய அக்கா சிரித்தாள். அவன் மிதவையை வெளிச்சத்தில் திருப்பினான்.

"என் படகு மூக்கு மொழுக்குன்னு இருக்கும். இது மூலை குத்தின மாதிரில்ல இருக்கு?"

"வண்டி மூலை, மாப்ள." அவர் தலை நிமிரவில்லை. "நான் தள்ளின வண்டி."

அக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"நானே இடிச்சிருப்பேன்னு நம்பிட்டிருந்தேன் மாமா" என்றான் அவன். "அன்னிக்கே சொல்லியிருந்தா நாலு வார்த்தை திட்டிட்டு விட்டிருப்பேன். நீங்க பொம்மைகிட்டப் போய்ச் சொல்லியிருக்கீங்க."

சாப்பிடாமலே செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

மேலாளர் எதிரில் தனக்குப் பேச்சு எழாது என்று அவருக்குத் தெரியும். மிஞ்சிய தகரத்தில், விமானத்தின் அளவுக்கேற்ப ஒரு குட்டி வண்டி செய்தார். விமானியின் பிரிவு உபசார விழாவில் அதன் மூலையை மிதவையின் சொட்டைக்குள் பொருத்தி வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

மேலாளர் குனிந்தார். "விமானம் சரி. இந்த வண்டி எதுக்குய்யா?"

பின்னால் மச்சினன் தோளில் பெட்டியோடு நின்றிருந்தான்.

"அது நான் தள்ளின வண்டிங்க" என்றார். "படகு இடிக்கலைங்க."