சூளை பார்த்த நீலக்கண்ணாடி

என் பூசை அலமாரியில், திருநீற்றுச் சம்புடத்துக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு நீலக்கண்ணாடி இருக்கிறது. மரச்சட்டம் போட்டு, கைப்பிடி வைத்தது. கைப்பிடியின் ஒரு பக்கம் கருகியிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களில் சிலர் அதையும் ஏதோ யந்திரம் என்று எண்ணிக் கும்பிட்டுவிட்டுப் போவதுண்டு. நான் தடுப்பதில்லை. அது என் அண்ணனுடையது. திருச்சிக்கு அப்பால் ஒரு சிமெண்டு ஆலையில் சூளை எரிப்பவராக இருந்த அண்ணன், அதன் வழியாகத்தான் நெருப்பைப் பார்த்து வந்தார்.

விடுப்பில் காரைக்காலை அடுத்த தலத்தெரு வீட்டுக்கு வரும்போதெல்லாம் சிமெண்டு பிறக்கும் விதத்தை எனக்குச் சொல்வார். சுண்ணாம்புக் கல்லை நொறுக்கி, களிமண்ணும் நீரும் சேர்த்துக் குழம்பாக அரைப்பார்கள். ஒரு தெருவின் நீளத்துக்குச் சாய்வாகப் படுத்திருக்கும் இரும்புக் குழாய்தான் சூளை. உட்புறம் செங்கல் பதித்த அந்தக் குழாய் மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும். மேல்வாயில் குழம்பை ஊற்றுவார்கள். கீழ்வாயிலிருந்து நிலக்கரித் தூளைக் காற்றோடு ஊதி எரிப்பார்கள். இறங்கி வரும் குழம்பு வழியில் ஈரம் வற்றி, உருண்டு, நெருப்பின் நடுவில் பாதி உருகி, நெல்லிக்காய் அளவில் கரிய கற்களாக உதிரும். அதைக் கிளிங்கர் என்பார்கள். அதை ஆறவைத்து, சிறிது ஜிப்சம் கலந்து மாவாக அரைத்தால் சிமெண்டு. "எல்லாம் மாவு சமாச்சாரந்தான் பாப்பா. ஒங்க அண்ணிய வுட்டா அதுலயும் உப்பு பத்தலம்பா" என்று சிரிப்பார். ஒன்றைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தாழும். சூளை நிற்கக் கூடாது. கனன்றிருக்கும் சூளை சுழலாமல் நின்றால் தன் பாரத்தாலேயே வளைந்துவிடும்; பிறகு அதை நிமிர்த்த முடியாது.

எங்கள் வீட்டில் பதிகம் ஓதாமல் விளக்கு ஏறியதில்லை. அப்பா எனக்குக் கற்பித்த பாடல்களில் பாதி, சுடலையில் ஆடுகிறவனைப் பற்றியவை. எரியும் விறகையும் சூழ்ந்து நிற்கும் பேய்களையும் விரிந்த சடையையும் நாள்தோறும் பாடிய நான், சுடுகாட்டைப் பார்த்ததே இல்லை. பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும். அப்பாவின் உடலின் பின்னால் நடந்த அன்றும் அப்படித்தான் திரும்பினேன்.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த கடைசிக் காலம் அது. படுக்கையில் விழுந்த அப்பா கேட்டது ஒன்றுதான்: "கொள்ளி வைக்கப் பெரியவன் வந்துருவான்ல?" விடியலில் அவர் மூச்சு நின்றது. தந்தி ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே மின்சாரம் நின்றிருந்தது. சூளையைக் கைச்சக்கரம் போட்டுச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தந்தியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, அந்தச் சக்கரத்துக்குத் தாமும் கைகொடுத்தார். மின்சாரம் திரும்பி, நெருப்பு மீண்டும் பற்றி, அதை ஒருமுறை பார்த்த பிறகே புறப்பட்டார். அதற்குள் வண்டி போய்விட்டது.

மறுநாள் எல்லைச் சுங்கச் சோதனையில் ஒரு காவலர் அவர் பையிலிருந்து கண்ணாடியை உருவினாராம்.

"இது எதுக்குய்யா, கிரகணம் பாக்கவா?"

"நெருப்பு பாக்கங்க."

"யாரு வூட்டு நெருப்பு?"

காவலர் வேடிக்கையாகத்தான் கேட்டார். அண்ணன் கண்ணாடியைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். "பொழுது சாயறதுக்குள்ள எடுத்துரணும்" என்று முதல்நாளே சித்தப்பா கொள்ளி வைத்து முடித்திருந்தார். கழுவிவிட்ட வீட்டுக்குள், வேலை உடுப்போடும் தூசியோடும் அண்ணன் வந்து நின்றார். "எப்புடி எரிஞ்சுதாம் பாப்பா?" என்று என்னைக் கேட்டார். நானும் பார்த்திராத நெருப்பு அது.

அப்பாவின் ஆண்டுத் திதிக்கு வந்த அண்ணி என்னைத் தனியே அழைத்தார். "முறை முடிஞ்சாலும் வூட்டுக்கு வர்றதில்ல. அடுத்த ஆள ஒதுக்கிட்டு அவரே சூளையப் பாத்துகிட்டு நிக்கிறாரு. இப்புடியே போனா பார்வ போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ சொன்னாத்தான் கேப்பாரு." அண்ணியோடு கிளம்பினேன்.

ஆலையில் மரங்களும் மனிதர்களும் நீறு பூசியிருந்தனர். பிற்பகல் வெயிலைவிடக் கொடிய வெக்கை சூளையின் முகப்பில் அடித்தது. அண்ணனின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. என்னைக் கண்டதும் அவர் வியப்படையவில்லை. எதிர்பார்த்திருந்தவர்போலப் பார்வைத் துளையின் மூடியை விலக்கினார். வெறும் கண்ணுக்கு அங்கே வெண்மையைத் தவிர வேறில்லை. கண்ணாடியை என் முகத்தருகே பிடித்தார். நெருப்புக்கு உடல் வந்தது. அதன் பின்னே கற்கள் சுவரில் ஏறிச் சரிந்தன. மறுபடி ஏறிச் சரிந்தன. நடுவில் ஒன்று, சடை விரிந்து, கால் மாற்றி மாற்றி நின்றது.

"அன்னைக்கி கரண்டு வந்ததும் பாத்தேன் பாப்பா. அப்பா இங்கதான் நின்னாரு. தெரியுதா?"

நெடுநேரம் பார்த்தேன். அப்பாவின் நெற்றியை அறிவேன். சற்றே கூனிய தோளையும் அறிவேன்.

"அப்பா இல்லண்ணே."

அவர் என்னையே பார்த்தார். "அப்ப, ஆடுறது யாரு?"

ஆடுகிறது என்று நான் சொல்லியிருக்கவில்லை. நான் அறியாமலே என் உதடுகள் அப்பா கற்பித்த சுடலைப் பதிகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தன. சூளையின் இரைச்சலில் அது கேட்டிருக்க இயலாது. ஆயினும் அண்ணன் தலை குனிந்து, பாட்டின் அடி முடியும்வரை நின்றார். பிறகு மூடியைச் சாத்தினார். கண்ணாடியை என் கையில் வைத்து, "இது ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

அதன் பின்னர் மூட்டை கட்டும் கொட்டகைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். சணல் சாக்குகளில் சிமெண்டு நிரம்புவதைப் பார்த்தே ஓய்வு பெற்றார். சூளைப் பக்கம் அவர் போகவில்லை. ஆனாலும் தலத்தெரு வீட்டில் மின்விசிறி நின்றால் போதும், எத்தனை ஆழ்ந்த உறக்கத்திலிருந்தும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அது மறுபடி சுழலும்வரை படுக்கமாட்டார்.

சென்ற ஆண்டு அண்ணன் போனார். அவர் மகன் உரிய நேரத்தில் வந்து கொள்ளி வைத்தான். இப்போது பெண்களும் சுடுகாடுவரை போகிறார்கள். என் கால்கள்தாம் வாசலைத் தாண்டவில்லை. எல்லோரும் புறப்பட்ட பிறகு, உடல் கிடந்த இடத்தில் ஏற்றிவைத்த விளக்கின் முன் அமர்ந்தேன். அத்தனை ஆண்டுகள் எந்தச் சுடரின் முன்னும் உயர்த்தாத நீலக்கண்ணாடியை அலமாரியிலிருந்து எடுத்துக் கண்ணருகே பிடித்தேன். பதிகம் நாவில் எழவில்லை. ஆடுகிறவனை நான் தேடவில்லை, அண்ணனைத் தேடினேன்.

தெரியுதா என்று கேட்க அருகில் எவருமில்லை.