லோகேஸ்வரன் வளர்த்த குள்ள விரால்

எங்கள் பதினோராம் மாடியில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: கொசு வளர்த்த நவமணி. எதிர்வீட்டு ஷாஹிரா முன்பெல்லாம் சமைத்ததில் ஒரு கிண்ணம் எனக்கு அனுப்பாமல் சாப்பிட மாட்டாள். இப்போது லிஃப்டில் என்னைக் கண்டால் போனைப் பார்க்கிறாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கொசு வளர்த்தவன் பக்கத்து வீட்டு லோகேஸ்வரன்.

அவனுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம், பிறை என்கிற ஊரில் தொழிற்சாலை வேலை. விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் பாலம் ஏறிவிடுவான். குடியில்லை, சூதில்லை, அதிர்ந்து பேச மாட்டான். இருந்த ஒரே பைத்தியம் மீன். அதுவும் அழகுக்கு வளர்க்கிற தங்கமீன் இல்லை, குள்ள விரால். ஒரு சாண்கூட இல்லாத அந்தச் சனியன் உயிரோடு நெளிகிற எதையும் விட்டுவைக்காது. செத்த தீனி போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்காக மாடிப்படி மூலையில், பழைய செருப்பு அலமாரிக்குப் பின்னால், ஒரு வாளித் தண்ணீரில் கொசுப்புழு வளர்த்தான். தினமும் தேத்தண்ணி வடிகட்டியால் அள்ளிக்கொண்டு போவான்.

கண்டுபிடித்த அன்றே கத்தினேன். "ஏண்டா, அறிவு இருக்கா உனக்கு? டிங்கிக் காய்ச்சல் வந்தா யாரு பதில் சொல்றது?"

"கொசுவாகறதுக்கு முந்தி என் மீனு தின்னுடும்லா, அக்கா. பிரமிளாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தொட்டியத் தூக்கி வீசிடுவா."

பிரமிளா அவன் மனைவி. நானும் வாயை மூடிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தொட்டி கழுவிய தண்ணீரை என் பூச்சட்டிகளுக்குத்தான் ஊற்றுவான். மல்லிகை கொத்துக் கொத்தாகப் பூத்தது. அந்த நன்றி.

ஐந்து வருஷமாக அவனுக்கு ஒரே ஆசை, குஞ்சு எடுக்க வேண்டும். இந்த மீனில் ஆண்தான் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். குஞ்சு பொரிக்கும்வரை பட்டினி. மிரண்டால் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மூன்று முறை விழுங்கியது. ஒருமுறை பிரமிளா மிக்சி போட்ட சத்தத்தில். நான்காம் முறை தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடினான். வீட்டில் மிக்சி இல்லை, டிவி இல்லை.

"பிள்ளைத்தாச்சி யாருடா, மீனா நீயா?" என்று கேட்டேன். வெட்கப்பட்டுச் சிரித்தான்.

மீன் தின்னவில்லை, அதனால் அவன் வாளிப் பக்கமே போகவில்லை. பத்து நாள். புழு என்ன, இவனுக்காகக் காத்திருக்குமா? இறக்கை முளைத்துப் பறந்துவிட்டது.

முப்பது நாற்பது குஞ்சு பொரித்தது. இரண்டு வாரத்தில் பிரமிளா காய்ச்சலில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டிங்கி என்றார்கள், படுக்கையில் போட்டார்கள். மறுநாள் காலை லோகேஸ்வரன் வாளியைத் தூக்கி வந்து என் சட்டிகளில் ஊற்றியதைக் கதவிடுக்கில் பார்த்தேன். தொட்டி கழுவிய தண்ணீர் என்றுதான் அப்போது நினைத்தேன். பதற்றத்தில் பழக்கதோஷத்தால் ஊற்றினானா, தெரிந்தே ஊற்றினானா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

மதியம் சுகாதாரத்துக்காரர்கள் வந்தார்கள். சட்டிக்கு அடியில் இருந்த தட்டுகளில் புழு நெளிந்தது. மாடியே கூடி நின்றது. என் பெயரில் அபராதச் சம்மன் எழுதினார்கள். நான் லோகேஸ்வரனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். மனைவி உயிருக்குப் போராடும்போது அவனைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அன்று சாயங்காலம் என் வாசலில் வந்து நின்று அழுதான். "அவ பொழச்சி வரட்டும்கா. எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன்." நம்பினேன்.

பிழைத்து வந்தாள். மூன்று நாள் பொறுத்தேன். அவன் மூச்சுவிடவில்லை. நாலாம் நாள் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன், உண்மையை அவன் வாயாலேயே வரவழைத்துவிடலாம் என்று. பிரமிளா எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் உங்கள ஏசறாங்களாம். எனக்கு உங்க மேல கோவமே இல்லக்கா. தெரியாம நடந்ததுதானே."

சொல்லுடா என்று அவனைப் பார்த்தேன். தொட்டியருகே நின்றிருந்தவன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "ஆமாக்கா. நாங்க ஒண்ணும் மனசுல வச்சிக்கல."

பாவி, உன் நாக்கு அழுகாதா என்று தொண்டைவரை வந்தது. பிரமிளா இன்னும் என் கையை விடவில்லை. அவள் கையில் எலும்புதான் இருந்தது.

"சரிம்மா, சூடா இருக்கும்போதே குடி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.