கூடாரத்துக்கு ஒரு காணி

என் மச்சான் ஆற்றங்கரையில் குந்தியிருந்து, எவர்சில்வர் தம்ளரில் தண்ணீரை அள்ளி, வாயில் ஊற்றிக் கொப்பளித்து, சற்று நேரம் வானத்தைப் பார்த்து யோசித்துவிட்டுத் துப்பினார். பெரிய வெள்ளிக்கிழமை காலை அது. ஸ்னோவி மலைகளுக்குள் இருந்து இறங்கி வருகிற டியூமட் ஆறு, அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணிவிடலாம் போலத் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. கரை நெடுக பொப்லர் மரங்கள் மஞ்சளாகி நின்றன. விடியமுன் சிட்னியில் வெளிக்கிட்டு, ஆறு மணித்தியாலம் காரில் இருந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. கூடாரத்தை இறக்குவதற்காகக் காரின் கூரையில் கட்டியிருந்த கயிற்றில் நான் கை வைத்துவிட்டேன். "அவிழ்க்காதையும் மச்சான். தண்ணி சரியில்லை," என்றார். மலைத் தண்ணீர் சரியில்லையாம்! அதைக் கேட்ட அந்த நிமிடம் எனக்கு ஏறிய எரிச்சல் ஐம்பது வருடம் ஆகப்போகிறது, இன்னும் முழுதாக இறங்கவில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் தமையன். ஊரில், யாழ்ப்பாணத்தில், நில அளவையாளராக இருந்தவர். சிட்னியில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் கீறிக்கொண்டிருந்தார். கலியாணம் கட்டாதவர். எங்களுக்கு நாலு வருடம் முந்தி வந்து, பிறகு எங்களைக் கூப்பிட்டவரும் அவர்தான். ஹோம்புஷில் எங்களுக்கு பிளாட் பார்த்துக் கொடுத்ததும், என் மனைவிக்குக் குளிர்கோட்டு வாங்கிக் கொடுத்ததும், ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்குகிற இடத்தில் படிக்குப் பக்கத்தில் இருக்கும் என்று சொல்லித் தந்ததும் அவரே. தங்கமான மனிதர். அவர் போய் ஆறு வருடமாகிறது. செத்தவரைப் பற்றி இப்படியா எழுதுவது என்று மனைவி என்னைப் பேசுவாள். பேசட்டும். போன மாதம் என் மகள் எங்கள் நார்த்மீட் வீட்டில் கதிரையில் சாய்ந்தபடி, போனில் நாலு படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "டன், அப்பா" என்றாள். மலை, ஆறு, கூடாரம் போடுகிற இடம் எல்லாம் ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் பதிந்து முடிந்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவன் நான். சும்மா பொழுதுபோக்குக்குச் செய்யவில்லை. என் மனைவி ஊரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. ஒரு வருடம் சம்பளமில்லா லீவு எடுத்துக்கொண்டு என்னோடு வந்தவள். எட்டு மாதம் முடிந்திருந்தது. திரும்பி வருகிறாளா, வேலையை விடுகிறாளா என்று கேட்டுப் பள்ளிக்கூட அதிபர் கடிதம் போட்டிருந்தார். ஈஸ்டர் முடிந்த கையோடு பதில் போயாகவேண்டும். நான் கேட்கும்போதெல்லாம் "யோசிப்பம்" என்பாள். அவள் எந்தப் பக்கம் யோசிக்கிறாள் என்பது எனக்குத் தெரியாதா? வேலையால் வந்து கதவைத் திறந்தால், ஜன்னலடியில் நின்று ரயில்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். போகிற ரயிலைத்தான் பார்ப்பாள். அவள் போனால் நானும் மூட்டை கட்டவேண்டியதுதான், அவளை விட்டுவிட்டு எனக்கு சிட்னி என்னத்துக்கு? ஆனால் எனக்கு இங்கே இருக்க ஆசை, சரியான ஆசை. என்னோடு வேலை செய்த ஒருவன் ஒரு நாள் தன்னுடைய படங்களைக் காட்டி, அந்த ஆற்றங்கரையில் நாலு நாள் கூடாரத்தில் இருந்தால் எவருக்கும் இந்த நாடு பிடித்துப்போகும் என்றான். நம்பிவிட்டேன். எனக்கு லைசென்ஸ் இல்லை, காரும் கூடாரமும் மச்சானுடையவை. எல்லாம் பிழையாகிப்போனது அந்த இடத்தில்தான்.

யாழ்ப்பாணத்தானுக்கு ஆறு தெரியாது. கிணறு தெரியும், குளம் தெரியும், கடல் தெரியும். மாரிக்கு மட்டும் ஓடுகிற ஒரு வாய்க்காலைப் பிடித்து ஆறு என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆகவே மச்சான் ஆற்றங்கரையில் இடம் பிடிப்பதற்கு, ஊரில் காணி வாங்கும்போது பார்க்கிற அத்தனை விதிகளையும் கொண்டுவந்திருந்தார். காணி என்ற அந்தச் சொல்லையே சொல்லவும் செய்தார். "காணி பாக்கிறதெண்டால் அந்தரப்படக் கூடாது, அவசரம் கூடாது, மச்சான்." காணி பார்க்கப் போகிறவர்கள் முதலில் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பார்கள், நல்ல தண்ணீரா, உவர்த் தண்ணீரா என்று. மலைமேலிருந்து இறங்குகிற ஆறு எப்படி ஐயா உவர்க்கும்? "உவர் இல்லைத்தான். ஆனால் ஒரு இரும்பு வாசம் அடிக்குது." தம்ளரில் அடிக்கிற வாசமாயிருக்கும் என்றேன். அவர் காரை ஸ்டார்ட் செய்துவிட்டார்.

இரண்டாவது இடம் ஒரு கரவன் பார்க், கூடாரம் போட வாடகைக்கு இடம் விடுகிற வளவு. அதைப் பார்த்துக்கொண்ட மனுசி கம்பளிச் சட்டையும் வாயில் சிகரெட்டுமாக வந்து, ஆற்றுக்குப் பக்கத்திலேயே புல்லுத் தரை ஒன்றைக் காட்டினாள். பச்சைப் பசேல் என்று இருந்தது. மச்சான் நாலு மூலையிலும் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தரை வடக்கே தாழ்கிறது, மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் என்றார். அந்த மனுசியிடம் போன மாரிக்கு இதில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று விசாரித்தார். நாலு நாளைக்குக் கூடாரம் போடத்தானே கேட்கிறாய், வீடா கட்டப் போகிறாய் என்று அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மூன்றாவது இடத்தில் அயல் சரியில்லை. பியர்ப் பெட்டிகளோடு நாலு பெடியங்கள் இருந்தார்கள். அவர்கள் மச்சானைப் பார்த்துக் கையாட்டினது வேறு அவருக்குப் பிடிக்கவில்லை. நாலாவதில் கக்கூசு பக்கத்தில், ஐந்தாவதில் கக்கூசு தூரத்தில்.

ஆறாவது இடத்தை மறக்கமாட்டேன். பாலத்தடியில் இருந்து ஒரு மண் பாதை நேரே இறங்கி ஆற்றங்கரையில் முடிகிறது. முடிகிற இடத்தில் இரண்டு யூகலிப்ரஸ் மரங்கள், கொஞ்சம் மணல், பனங்காவோலையால் ஒரு வேலி அடைக்கிற அளவுக்குத் துண்டு நிலம். ஆட்கள் ஒருவரும் இல்லை. தண்ணீர் கல்லில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. மனைவி கண்ணாடியை இறக்கி வெளியே தலையை நீட்டினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மச்சான் பாதையைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். "இது தெருக்குத்து," என்றார்.

தெரு வந்து நேரே முட்டுகிற காணியில் எங்கள் ஆட்கள் வீடு கட்டமாட்டார்கள். குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். கூடாரத்துக்குமா? "மச்சான், இதில நாங்கள் பிள்ளை குட்டி பெறப் போறேல்லை," என்று நான் சொல்லியே விட்டேன். "நீர் பேசாம இரும். என்ர தங்கச்சியை நான் உதுக்குள்ள படுக்க விடமாட்டன்," என்றார். கார் பின்னுக்குப் போனது. மனைவி கண்ணாடியை ஏற்றினாள்.

பின்னேரம் பார்த்தால், ஈஸ்டர் கூட்டம் முழுக்க அந்த மலைக்கு வந்து இறங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் கரவன் பார்க்குக்குத் திரும்பினோம். தண்ணீர் தேங்குகிற அந்தப் புல்லுத் தரையில் மூன்று கூடாரங்கள் நின்றன. இடமில்லை என்று அந்த மனுசி கையை விரித்தாள். அன்றைக்கும் அடுத்த நாளும் நாங்கள் மூன்று பேரும் காருக்குள்ளேயே படுத்தோம். கூரையில் கூடாரம், உள்ளே நாங்கள். சனிக்கிழமை முழுக்க ஆற்றை மேலேயும் கீழேயும் அளந்தோம். பாணும் ரின்னில் அடைத்த மீனும் தின்றோம், சுடுதண்ணிப் போத்தலில் இருந்த தேத்தண்ணி பச்சைத் தண்ணியாகிவிட்டது. எத்தனை இடம் பார்த்தோம் என்று எனக்கு இப்போது நினைவில்லை. ஒவ்வொரு இடத்திலும் மனைவி இறங்குவதற்குக் கதவில் கை வைப்பாள், பிறகு கையை எடுப்பாள். பின்னேரமளவில் கை வைப்பதையே விட்டுவிட்டாள். அவள் கோபப்பட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அவள் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள், ஹோம்புஷில் ரயில் பார்க்கிற அதே பார்வை. முடிந்தது, திரும்பிப் போனதும் ஊருக்குத்தான் எழுதப்போகிறாள் என்று நினைத்தேன். மச்சானின் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. பொய் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பாலத்தைத் திரும்பவும் கடந்தோம்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ," என்றாள் மனைவி.

"உது பாத்துக் கழிச்ச இடமெல்லே, பிள்ளை."

"நிப்பாட்டுங்கோ எண்டுறன்!"

கார் மண் பாதையில் இறங்கி நின்றது. அவள் கதவைத் திறந்து இறங்கினாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, காரின் படியில் ஏறிக் கயிற்று முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். மச்சான் பின்னால் ஓடினார். "தெருக்குத்தடி பிள்ளை, சொல்லுறதைக் கேள், வேற நல்ல காணி ஒண்டு..."

அவள் திரும்பினாள். அவள் அப்படிக் கத்தி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "என்ர கலியாணத்துக்குக் காணி பாக்கேக்கை நீங்கள் எங்கையண்ணை இருந்தனீங்கள்? அப்ப ஒருக்கா வந்து தண்ணியைக் குடிச்சுப் பாத்திருக்கலாமே?"

இதை நான் விளக்கவேண்டும். சீதனம் வாங்கியவன் என்ற வெட்கத்தோடுதான் விளக்குகிறேன். எங்கள் பக்கத்தில் தங்கைக்குச் சீதனக் காணி பார்ப்பது தமையனின் பொறுப்பு. எங்களுக்குக் கலியாணம் பேசியபோது மச்சான் இந்த நாட்டுக்கு வந்து சில மாதங்கள்தான். அவரால் வரமுடியவில்லை. அவருக்குப் பதிலாகச் சித்தப்பா ஒருவர் அவசரத்தில் ஒரு காணியைப் பார்த்து முடித்தார். கிணறு உவர். மாரி வந்தால் முற்றத்தில் முழங்கால் தண்ணீர். பக்கத்து வீட்டாரோடு வேலிச் சண்டை. அங்கே இருந்தவரைக்கும் என் மனைவி குடிதண்ணீருக்கு மூன்றாம் வீட்டுக்குக் குடம் தூக்கினாள். தமையனுக்கு எழுதிய கடிதங்களில் எல்லாவற்றையும் எழுதியும் இருக்கிறாள். அந்த வீட்டில் அவளோடு இருந்த எனக்கு, மச்சான் தம்ளரைத் தூக்கியபோதே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. நான் எரிச்சலில் இருந்தேன்.

மச்சான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப பாக்கேல்லைத்தானே, பிள்ளை. அதுதான் இப்ப பாக்கிறன்," என்றார்.

அவள் கயிற்றின் மறு நுனியை அவர் கையில் கொடுத்தாள். கூடாரம் இறங்கியது. பூஞ்சண மணத்தோடு அதை விரித்தோம். ஆப்புகளை அவளே ஒரு கல்லால் அடித்து இறக்கினாள். அடுப்பை எங்கே வைப்பது என்று மச்சான் வாயைத் திறக்க, "குசினி இதில," என்று காலால் மணலில் ஒரு கோடு கீறினாள். கொண்டுவந்த மடக்குக் கதிரையை நான் மரத்தடியில் வைத்தேன். அதிலே வேண்டாம், தண்ணீருக்குக் கிட்ட வையுங்கோ என்றாள். இந்த நாட்டில் அவள் இதில், அதில் என்று கை காட்டியதை அன்றுதான் முதலில் கண்டேன். பிளாட் அவர் பார்த்தது. கோட்டு அவர் வாங்கியது. இந்தப் பயணம் நான் முடிவு செய்தது. எட்டு மாதமாக 'இருப்பமா, இருப்பமா' என்று கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர, எதிலே இருக்க விருப்பம் என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் கால் இரண்டையும் ஆற்றுக்குள் விட்டு, குளிரில் ஒரு கூச்சல் போட்டு, பிறகு எடுக்காமலே இருந்து தேத்தண்ணி குடித்தாள். எங்களுக்கும் ஊற்றித் தந்தாள். ஒரே ஒரு நாள்தான் அந்தக் கூடாரத்தில் இருந்தோம். பாதையால் ஒரு குருவி கூட வந்து எங்களை முட்டவில்லை.

திங்கட்கிழமை திரும்புகிற வழி நெடுக, நாளைக்குக் கடிதம் போயாகவேண்டும் என்பதுதான் என் மண்டைக்குள் ஓடியது; கேட்கப் பயம். சிட்னியின் ஓரத்தைத் தொட்டபோது செங்கல் வீடுகள் வரிசையாகத் தொடங்கின, முன்னால் புல்லும் தபால் பெட்டியுமாக. மச்சான் தொண்டையைச் செருமினார். "நாலு நாளையும் வீணாக்கிப்போட்டன், என்ன?" என்றார்.

"ஓம், வீணாக்கினியள்தான்," என்றாள் பின் சீட்டில் இருந்து. "அண்ணை, இப்பவே சொல்லிப்போட்டன். நாங்கள் இஞ்ச வீடு வாங்கேக்கை நீங்கள் பாக்க வரப்படாது."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதம் கெஞ்சியவன் நான். பதில் போனது அண்ணனுக்கு, அதுவும் ஏச்சாக! எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. மச்சான் காரை ஓரங்கட்டி நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியால் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு போட்டுக்கொண்டு பின்னுக்குத் திரும்பினார்.

"வீடு வாங்கிறதெண்டால் பென்டில் ஹில் பக்கம் மண் நல்லதெண்டு கேள்வி, பிள்ளை," என்றார்.