எறும்பு ஏறிய மாவு டின்

எங்கள் வீட்டில் வியாதியை முதலில் கண்டுபிடித்தவை எறும்புகள். கொல்லையில் என் கணவர் ஒன்றுக்குப் போகும் மூலையில் கட்டெறும்பு மொய்த்தது. மண்ணெண்ணெய் ஊற்றினேன், சாம்பல் போட்டேன். மறுநாளும் அதே இடத்தில் அதே கூட்டம். பக்கத்து வீட்டுக்காரி சுவர் மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, ஒன் வீட்டுக்காரருக்குச் சக்கரை இருக்குமோ?" என்றாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. காரைக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு வேலை. அவர் தச்சர், நிலைக்கதவில் பூவேலை செய்கிறவர். தரையில் உட்கார்ந்து, பலகையை இடது கால் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் உளியை ஓட்டுவார். அவருக்கு அந்த விரல் மூன்றாவது கை. அதில்தான் ஒரு மரச் சிலாம்பு ஏறியது. பிடுங்கிப் போட்ட பிறகும் புண் ஆறவில்லை. நீர் கட்டி, வீங்கி, ஒரு வாடை வேறு வர ஆரம்பித்தது.

டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "மாத்திரையை விடாமச் சாப்பிடுங்க, வாயைக் கட்டுங்க. தினம் வீட்டுலயே நீரைச் சோதிச்சுப் பாருங்க. நீலமா நின்னா சக்கரை இல்லைன்னு அர்த்தம், புண்ணு ஆறிரும். செங்கக் கலராவே இருந்தா விரலை எடுக்க வேண்டியதுதான்." வெளியே வந்ததும் என் கணவர் என்னிடம், "விரலை எடுத்துட்டா அப்புறம் எதுக்கு நான்?" என்றார்.

அந்தச் சோதனையைப் போல அருவருப்பான காரியம் உலகத்தில் இல்லை. மருந்துக்கடையில் வாங்கிய நீல மருந்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மூத்திரத்தில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்கவிட வேண்டும். அவர் செய்ய மாட்டார். உளி பிடிக்கிற கைக்கு அது கௌரவக் குறைச்சலாம். டெலிபோன் பிடிக்கிற கைக்கு இல்லை போலிருக்கிறது. முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு நான்தான் கொல்லையில் குந்தியிருப்பேன். அது கொதிக்கிறபோது வரும் வாடை தலைமுடியில் ஒட்டிக்கொண்டு எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் கூடவே வரும். குழாயில் நீலம் பச்சையாகும், மஞ்சளாகும், கடைசியில் அநேக நாள் செங்கல் கரைத்த தண்ணீராக நிற்கும்.

ஷிப்ட் வேலையில் எனக்குக் காலைச் சமையலோடு சரி. சாயங்காலத்துக்குக் கடையில் ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும். கல்லுக்கட்டிக் கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில் கோதுமை ரவையைக் கையில் அள்ளினால் அது தானாகவே நகர்ந்தது, அவ்வளவு புழு. இன்னொரு கடையில் சர்க்கரை போடாத பிஸ்கட் என்று தந்தார்கள், சாக்பீஸ் தேவலை. பலகாரக் கடையில் நேற்றைய எண்ணெயும் முந்தாநாள் எண்ணெயும் ஒன்றாகப் புகைந்துகொண்டிருக்கும். சுடுகிறவர் நெற்றி வேர்வையை வழித்து எந்தப் பக்கம் உதறுகிறார் என்று ஒருமுறை பார்த்துவிட்டேன், அத்தோடு அந்தப் பக்கம் போவதில்லை. சர்க்கரை வியாதிக்கு ஆகிற மாதிரி என்ன இருக்கிறது என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான். "இது ஒண்ணும் பண்ணாது, கொஞ்சமாச் சாப்பிடச் சொல்லுங்க." டாக்டருக்குப் படித்துவிட்டுத்தான் கடை வைத்த மாதிரி.

கடைசியில் ஒரு மாவுக்காரம்மாவைப் பிடித்தேன். வீட்டிலேயே மாவு வறுத்து அரைத்தும் பலகாரம் சுட்டும் விற்கிறவள். பெரிய வீட்டு ஆச்சிமார் கல்யாணத்துக்கெல்லாம் அவளிடம்தான் சொல்லிவைப்பார்கள். அவள் வீட்டுத் தரை துடைத்துவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது. அத்தனை அழுக்குக் கடைகளைப் பார்த்த கண்ணுக்கு அதுவே போதுமாயிருந்தது.

கேப்பையை வறுத்து அரைத்துத் தரச் சொன்னேன். வெந்நீர் விட்டுப் பிசைந்தால் அவரே உருட்டிச் சாப்பிட்டுக்கொள்ளலாம். சாயங்காலம் நாக்கில் கொஞ்சம் இனிப்புப் படாவிட்டால் அவருக்கு உலகமே இருண்டுவிடும். அதற்காக மருந்துக்கடையில் சாக்கரின் மாத்திரை வாங்கி அவள் கையில் கொடுத்து, "இதைப் பொடிச்சு மாவுல கலந்துருங்கக்கா. இது சும்மா இனிக்கும், உடம்புல சேராது. சீனி மட்டும் ஆகவே ஆகாது" என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவளும் தலையை ஆட்டி வாங்கி வைத்துக்கொண்டாள்.

முதல் தடவை வந்த மாவைச் சாப்பிட்டுவிட்டு, கசக்கிறது என்று முகத்தைச் சுளித்தார். மறுமுறை அவளிடம் போனபோது அதைச் சொன்னேன். "நான் பாத்துக்கிறேன் தாயி, கவலைப்படாமப் போங்க" என்றாள். அதற்குப் பிறகு வந்த மாவை அவர் விரும்பிச் சாப்பிட ஆரம்பித்தார். உருண்டையை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பழகிவிட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

குழாயில் மட்டும் செங்கல் போகவில்லை. முன்னாவது சில நாள் மஞ்சளோடு நிற்கும். இப்போது தீயில் காட்டியதுமே சிவந்தது. விரல் நுனி கறுத்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"டீக்கடையில என்ன தின்னீக? உண்மையச் சொல்லுங்க."

"ஒன் மாவத் தவிர பச்சத் தண்ணியத் தொடலடி" என்றார். நான் நம்பவில்லை. சட்டைப் பையைத் துழாவினேன், வாயை மோந்து பார்த்தேன். புருஷனின் வாயை மோந்து பார்க்கிற பிழைப்பு.

ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மாவு டின்னைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே எறும்பு புற்று வைத்த மாதிரி நெளிந்தது. கொல்லை மூலையில் மொய்த்த அதே ஜாதி. சாக்கரினை எறும்பு ஏறெடுத்தும் பார்க்காது. அவளிடம் கொடுத்தது போக மிச்ச மாத்திரை மாதக்கணக்கில் என் அலமாரியில் திறந்தே கிடந்திருக்கிறது, ஒன்றுகூட வந்ததில்லை. கேப்பை வாடையே எனக்கு ஆகாது, அதனால் அந்த மாவை நான் தொட்டதில்லை. அன்றைக்கு எறும்பை ஊதிவிட்டு ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தேன். கருப்பட்டி. கேப்பையின் நிறத்தில் அதன் நிறம் தெரியவில்லை.

வேலைக்குப் போகாமல் டின்னோடு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் துளிகூடப் பதறவில்லை.

"அந்த மாத்திரையா தாயி? கசக்குதுன்னு சொன்னீகள்ல, நாக்குல வச்சுப் பாத்தேன். கருமம், வேப்பங்கொட்டையாட்டம் இருக்கு. ஒழைக்கிற மனுசனுக்கு அதையா குடுக்குறது? அடுப்புல போட்டுட்டு, நல்ல உடன்குடிக் கருப்பட்டியா இடிச்சுக் கலந்தேன்."

"இனிப்பு ஆகாதுன்னு சொன்னேனேக்கா!"

"சீனி ஆகாதுன்னுதானே சொன்னீக? கருப்பட்டி மருந்துல்ல? சமஞ்ச பிள்ளைக்கும் பிள்ள பெத்தவளுக்கும் அதைத்தானே குடுக்குறோம்?"

நான் கத்திய கத்தலில் தெரு கூடியது. கூடிய பெண்கள் அத்தனை பேரும் அவள் பக்கம். "நல்லதுக்குத்தானே செஞ்சிருக்கா, விடுங்க தாயி" என்று எனக்கே சமாதானம் சொன்னார்கள். அவர்கள் முகத்தில் காறித் துப்பாமல் வந்ததே பெரிது.

அவரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விரலை எடுத்துவிட்டார்கள். சீக்காளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாதாம். வந்தவர்கள் எல்லாம் லட்டும் இனிப்பு ரொட்டியுமாகக் கட்டில் ஓரத்தில் குவித்தார்கள். தேவகோட்டையிலிருந்து அவருடைய அக்கா ஒரு தூக்கு நிறையப் பால்கொழுக்கட்டை கொண்டுவந்து, "வெரல்தான் போயிருச்சே, இனிமே என்ன? சாப்பிடட்டும்" என்றார். அதைத் தூக்கோடு கழுவுகிற தொட்டியில் கவிழ்த்தேன்.

புண் ஆறியதும் ஆத்தங்குடி வீடு ஒன்றின் கதவு வேலையை எடுத்தார். பலகையின் மேல் காலை வைப்பார். பிடிக்க விரல் இல்லாமல் பலகை சுழலும். உளி கோணிக்கொண்டு போகும். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு தலையைத் தூக்காமலே, "இங்குட்டு வா. இந்த ஓரத்தை மிதிச்சுக்க" என்றார். அன்றிலிருந்து வேலைக்குப் போகாத நேரமெல்லாம் அந்த விரல் இருக்க வேண்டிய இடத்தில் என் கால் இருந்தது.

அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு காலையில் மாவுக்காரம்மா வந்தாள். கையில் டின். வாசல்படிக்கு உள்ளே அதை வைத்துவிட்டு, "மனசுல ஒண்ணும் வச்சுக்கிறாதீக தாயி. ரத்தம் போன உடம்பு, தெம்பு வேணுமுல்ல. கருப்பட்டி அதிரசம். சீனி ஒரு பொட்டுக் கிடையாது, சத்தியமா" என்றாள்.

டின்னைத் தெருவுக்கு எட்டி உதைக்கப் பலகையிலிருந்து காலைத் தூக்கப் போனேன். உளி அப்போது ஒரு பூவிதழின் பாதியில் இருந்தது.

"காலை எடுத்துறாத" என்றார் அவர்.

எடுக்கவில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் இதழை முடிக்கும்வரை நான் மிதித்துக்கொண்டே நின்றேன். அதற்குள் டின்னில் எறும்பு ஏறிவிட்டது.