ஹால் நடுவில் ஒரு தேக்குத் தூண்

லிங்கராஜபுரத்தில் வீடு கட்டியபோது அப்பாவுக்கென்று ஓர் அறையும் சேர்த்தே கட்டினோம். அதில் அவர் ஒரு நாள்கூடத் தூங்கவில்லை. கோலார் தங்கவயலிலிருந்து பெட்டியோடு வந்தவர், வாசலுக்கு வெளியே வானம் தெரிகிற மூலையில் கட்டிலைப் போட்டுக்கொண்டார். சுரங்கத்தில் பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுப்பது அவர் வேலையாக இருந்தது. அங்கே கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டிலும் அவர் கட்டில் சந்தில்தான் கிடக்கும். எனக்கு அது பழகிப்போனது. பெங்களூர்ப் பனிதான் அவர் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விடிய விடிய இருமினார்.

"உள்ள வந்து படுப்பா" என்று கெஞ்சினேன்.

"கான்கிரீட்டு சொல்லாம கொள்ளாம வுழுந்துடும்மா. மரம் அப்பிடி இல்ல. முன்னாடியே முனகும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மரம்தானே வேண்டும்? ஆடுகோடியில் பழைய மரம் விற்கும் கடைக்குப் போய், இடித்த பங்களா ஒன்றின் தேக்குத் தூணை வாங்கி வந்தேன். தச்சர் இழைக்க இழைக்க, கறுப்பு போய்த் தேன் நிறம் வந்தது. அத்தனை வருடம் கழித்தும் வாசம் விட்டுப்போகவில்லை. பிரமித்துப் போய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஹால் நடுவில் தூணை நிறுத்தினார் தச்சர். மேலே தளத்துக்கும் தூணுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி. அதை மரவளையம் போட்டு மறைத்துவிட்டார். "அழகுக்குத்தானே மேடம்?" என்றார். நானும் தலையாட்டினேன்.

பெருமையாக அப்பாவைக் கூட்டிவந்து காட்டினேன். விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார்.

"இது சும்மா நின்னுனு கீது" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். சுரங்கக்காரரிடம் பாரம் தாங்காத மரத்தைக் காட்டிய என் புத்தியை என்ன சொல்ல!

மறுநாள் காலை அப்பா தச்சரிடம் துண்டு மரம் கேட்டு வாங்கி, இரண்டு ஆப்பு சீவினார். வளையத்தைக் கழற்றச் சொன்னார். நான் திட்டிக்கொண்டே ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, மேலே ஏறினார்.

"தளம் விரிசல் வுட்டுடும் பெரியவரே" என்றார் தச்சர்.

அப்பா காதிலேயே வாங்கவில்லை. இந்தப் பக்கம் ஓர் அடி, அந்தப் பக்கம் ஓர் அடி. ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தி, தூணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மந்தமாக இருந்த சத்தம் மெல்ல மெல்ல இறுகி, கடைசியில் கணீரென்றது. சுத்தியலைக் கீழே கொடுத்துவிட்டார்.

"இப்ப புடிச்சினு கீது."

நான் தூணில் காதை வைத்தேன். மெயின் ரோட்டில் போகும் பஸ், மாடியில் நடக்கும் செருப்பு, பக்கத்து வீட்டுக் கிரைண்டர் எல்லாம் உள்ளே கேட்டன. மரம் தூக்குகிற வேலை என்றுதான் அவர் வேலையை இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

மத்தியானம் சாப்பிட்டதும் தூணருகே பாயை விரித்துச் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. கூரைக்குக் கீழே அப்பா தூங்கி நான் பார்த்ததே இல்லை. அழுகை வந்துவிட்டது. வெளியே திடீரென்று மழை பிடித்துக்கொண்டது, கட்டில் நனைந்தது. எடுக்கப் போனால் கதவுச் சத்தத்தில் விழித்துக்கொள்வார். நனையட்டும் என்று விட்டுவிட்டேன்.