மரு என்று நினைத்துக் கட்டிய முடி

கும்மிடிப்பூண்டியில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தேன். என் நெஞ்சுக்குக் கீழே மரு போல ஒன்று பிறந்ததிலிருந்தே உண்டு. உடை மாற்றும்போது அதைப் பார்த்த, கூட வேலை செய்த சேகர் அண்ணன், "இன்னாடா, உனக்கு மட்டும் மூணா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "குதிரை முடிய இறுக்கிக் கட்டு, தானா உழுந்துடும்" என்று முடியும் அவரே கொண்டுவந்தார். எங்கள் குடும்பத்திலேயே முதலில் படித்தவன் நான், அப்படியும் கட்டினேன். நாலாம் நாள் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தது.

"மரு இல்லப்பா, கூடுதல் முலைக்காம்பு. சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும், ஆடு மாட்டுக்குக்கூட உண்டு. சும்மா விட்டிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்காது" என்றார் டாக்டர்.

பத்து நாள் லீவில் வேலை போய்விட்டது. சேகர் அண்ணனுக்குப் போன் செய்தேன். "கட்டிக்கினது நீதானே?" என்றார்.

இப்போது வேறு கம்பெனி. இங்கேயும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். யாராவது வைத்தியம் சொன்னால் மட்டும் சட்டையைப் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுகிறேன்.