கடல் விட்ட ரயிலும் என் மச்சானும்

மச்சான் செய்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. சுனாமியில் ஆரையம்பதியில் இருந்த எங்கள் வீடு போய்விட்டது. சிறுவயதில் எனக்குக் கிடைத்த மின்சார விளையாட்டு ரயில் மட்டும் மணலுக்குள் புதைந்து தப்பியது. யுத்தமும் முடிந்து மனம் ஆறிய பிறகுதான் அதைத் திருத்த உட்கார்ந்தேன்.

பெட்டிகளைக் கோக்கும் பிளாஸ்டிக் கொளுக்கிகள் உப்பேறி வளைந்திருந்தன. சுடுதண்ணீரில் ஊறவைத்து ஒவ்வொன்றாகப் பக்குவமாய் நிமிர்த்தினேன். அவற்றுக்கு ஏற்ற சின்ன ஆணி வாங்க, அளவுக்கு ஒரு கொளுக்கியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தால், பைபர் படகு திருத்தும் என் மனைவியின் தம்பி, மிச்சக் கொளுக்கிகள் எல்லாவற்றையும் அசிட்டோனில் போட்டுவைத்திருக்கிறான்! படகு வேலையில் தூரிகை கழுவும் திரவம் அது. கொளுக்கிகள் கூழாகிக் கிடந்தன.

“ஆருடா உன்னத் தொடச் சொன்ன?” என்று கத்தினேன்.

“சுத்தமாக்கித் தருவமெண்டுதான் மச்சான். சுனாமிக்கே தாங்கின சாமான், இதுக்குத் தாங்காதெண்டு ஆருக்குத் தெரியும்?” என்றான்.

சட்டைப்பையில் இருந்த ஒன்றுதான் மிஞ்சியது. இப்போது எதைப் பூசுவதற்கு முன்பும் உடைந்த துண்டொன்றில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறேன். ரயில் இருக்கும் அறைக்குப் பூட்டும் போட்டுவிட்டேன். கடலுக்குத்தான் கதவைப் பூட்ட முடியாது, மச்சானுக்குப் பூட்டலாம்.